இடக்கைக்கு ஒரு கெண்டி

முதல் நாள்

விமானம் இறங்கியதே கடலுக்குள்தான். நகோயாவுக்கான சென்ட்ரேர் விமான நிலையம் இசே விரிகுடாவில் மண் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவு, 2005இல் திறந்தார்கள். வந்து இறங்கும் கூட்டம் ரயிலேறி நேராக நகோயாவுக்குப் போய்விடுகிறது. பாலத்தைத் தாண்டியதும் கரையில் இருக்கும் டோகோனாமேயில் இறங்கியவர்கள் இன்று மாலை என்னோடு சேர்த்து ஏழு பேர். அவர்களில் நான்கு பேர் பள்ளிச் சீருடையில் இருந்தார்கள்.

நான் வந்தது ஒரு தேநீர்க் கெண்டிக்காக. 'டீபாட்' என்று எழுதினால் ஹோட்டலில் கொண்டுவந்து வைக்கும் வெள்ளைப் பீங்கான் நினைவுக்கு வந்துவிடுகிறது. மூக்கு வைத்த பாத்திரத்துக்கு நம்மிடம் கெண்டி என்ற நல்ல சொல் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? ஜப்பானியர் இதைக் கியூசு என்கிறார்கள். இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகோயாவில் வேலை பார்க்கும் தோழி மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது ஒரு டோகோனாமே கியூசுவைப் பரிசாகக் கொண்டுவந்தாள். செங்காவி நிறம், பூச்சு எதுவும் கிடையாது, கைக்குள் அடங்கும் அளவு. கைப்பிடி நாம் எதிர்பார்க்கும் இடத்தில், அதாவது மூக்குக்கு நேர் எதிரே இல்லை. பக்கவாட்டில், சிறிய குழவி போல நீட்டிக்கொண்டிருந்தது. பிடி நம் பக்கம் இருந்தால் மூக்கு இடப்புறம் பார்க்கும். வலது கையால் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் திருப்பினால் போதும், தேநீர் கிண்ணத்தில் விழும்.

நான் இடக்கைக்காரி. மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கி, முழங்கையைத் தூக்கி, முதல் நாளே மேசையில் பாதியைக் கொட்டினேன். "இடக்கையால் பரிமாறாதே என்று எத்தனை தடவை சொல்வது" என்று அம்மா அலுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கெண்டியில் பேனாக்கள் இருக்கின்றன.

இடக்கைக்கும் செய்வார்களாம் என்று தோழி சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இந்தப் பயணம். அவள் நாளை மறுநாள் வந்து சேர்கிறாள். விடுதி வாசலில் இருந்த தானியங்கி இயந்திரத்தில் ஒரு பாட்டில் பச்சைத் தேநீர் வாங்கிக் குடித்தேன். கெண்டியைத் தேடி வந்த ஊரில் முதல் தேநீர் பிளாஸ்டிக்கில்! ஜப்பானில் பச்சைத் தேநீர் தகரக் குவளையில் அடைபட்டது 1985இல், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வந்தது 1990இல். கியூசு இல்லாத வீடுகள் பெருகத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

இரண்டாம் நாள்

ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் மேட்டின் மேல் பழைய குயவர் குடியிருப்பு. அதைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் அதிர்ஷ்டப் பூனைகள். கையை உயர்த்திக் கூப்பிடும் அந்தப் பீங்கான் பூனைகளைச் செய்வதிலும் இந்த ஊருக்குப் பெயர் உண்டு. 3.8 மீட்டர் உயரத்தில் ஒரு பூனைத் தலை சாலையை எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பிடிக்கும். நான் நிற்கவில்லை.

நான் நின்றது குழாய்ச் சரிவில். டொகான்சாகா என்று பெயர், பொருளும் அதேதான். சந்தின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் மெய்ஜி காலத்துச் (1868–1912) சுட்டமண் குழாய்கள், மறுபக்கம் சாராயம் அடைத்துவைத்த பெரிய சாடிகள், ஒன்றன்மேல் ஒன்றாக. காலடியிலும் மண்தான்: குழாய்களைச் சுடும்போது அடியில் வைத்த வளையங்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள், மழையில் வழுக்காமல் இருப்பதற்கு. உடைந்தது, கோணியது, விற்காமல் போனது எதையும் இந்த ஊர் தூக்கி எறிந்ததாகத் தெரியவில்லை. வீடுகளின் பலகைச் சுவர்கள் கன்னங்கரேலென்று இருக்கின்றன. சூளைகளில் நிலக்கரி எரிந்த காலத்தில் வேறு எந்த நிறம் பூசினாலும் ஒரு மாதம் தாங்கியிருக்காது.

ஜப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் டோகோனாமே ஒன்று. 12ஆம் நூற்றாண்டிலிருந்தே இங்கே மண் சுடுகிறார்கள். பெரும் தாழிகளைச் செய்து கப்பலில் ஏற்றி அனுப்பியவர்கள். கடல் பக்கத்திலேயே இருந்தது வசதி. ஆனால் கெண்டிக்கு அத்தனை வயது இல்லை. இரும்புச் சத்து மிகுந்த வயல் மண்ணைக் கொண்டு சுகியே ஜுமோன் என்பவர் செந்நிறக் கியூசுவைச் செய்து காட்டியது 1854இல்.

அதன் பிறகு வருபவர்தான் என்னை இந்தச் சந்தில் அரை மணி நேரம் நிற்க வைத்தவர். கோயியே ஹோஜு என்பது அவர் பெயர். யோகோஹாமாவில் வெளிநாட்டார் குடியிருப்புக்குக் கழிவுநீர்க் குழாய்கள் தேவைப்பட்டன. அதுவரை குயவர் கைப்போக்கில் செய்த குழாய்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஹோஜு மர அச்சு வைத்து எல்லாக் குழாய்களையும் ஒரே அளவில் வார்த்தார். எந்தக் குழாயின் வாயிலும் எந்தக் குழாயின் வாலும் பொருந்தும். ஊர் செழித்தது. அதே மனிதர் 1878இல் சீனாவிலிருந்து ஜின் ஷிஹெங் என்ற அறிஞரை வரவழைத்தார். யிஷிங் ஊர்க் கெண்டிகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்று உள்ளூர்க் குயவர்களுக்குக் கற்றுத்தரச் சொன்னார். ஜுமோன் உட்படச் சிலர் கற்றுக்கொண்டார்கள்.

சாக்கடைக் குழாய்க்காரர் கெண்டிக்கு ஆசான் தேடியிருக்கிறார். யோசித்தால் இரண்டுக்கும் ஒரே கவலைதான், நீர் வழியில் கசியக்கூடாது. அவருக்கு இந்த ஊரில் சுட்ட மண்ணாலேயே ஒரு சிலை வைத்திருக்கிறார்கள்.

சரிவுக்கு மேலே 1887இல் கட்டிய ஏறுசூளை இருக்கிறது. மேட்டின் சாய்வில் எட்டு அறைகள் படிப்படியாக ஏறுகின்றன, உச்சியில் பத்துப் புகைபோக்கிகள். நடுவில் இருப்பவை குட்டை, ஓரத்தில் இருப்பவை நெட்டை. நெருப்பு எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கப்பட வேண்டும் என்பதற்கான கணக்கு. 1974இல் கடைசியாகச் சுட்டார்கள். உள்ளே குனிந்து நுழைந்தேன். செங்கற்கள் மேல் சாம்பலும் உப்பும் உருகி ஓடிக் கண்ணாடிபோல் உறைந்திருக்கின்றன. வீட்டுப் புகைக்கூண்டில் படியும் கரியைப்போல் தொட்டால் ஒட்டும் என்று கையை இழுத்துக்கொண்டேன், ஒட்டவில்லை.

மாலையில் நான்கு கடைகளில் கேட்டேன். மூன்றில் இடக்கைக் கியூசு இல்லை. நான்காவதில் இருந்தது, அச்சில் வார்த்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினால் வழவழப்பாக, சக்கரத்தின் வரிகள் இல்லாமல் இருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்

தோழி காலை ரயிலில் வந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவர் மூலம் ஒரு பட்டறைக்கு ஏற்பாடு. பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வேலை செய்யும்போது பேசமாட்டார் என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. தோழி அவரை 'சென்செய்' என்று அழைக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் அழைத்ததும், "நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை, கெண்டி செய்கிறேன்" என்று அவர் சொன்னதாக மொழிபெயர்த்தாள்.

தலையளவு செம்மண்ணைச் சக்கரத்தின் நடுவில் கோபுரமாக நிறுத்தியிருந்தார். அதன் உச்சியில் மட்டும் ஒரு பிடி மண்ணை ஒதுக்கி அதில் வனைகிறார். முடிந்ததும் நூலால் அறுத்து எடுத்துப் பலகையில் வைக்கிறார். அடுத்தது. முதலில் உடல் மட்டும் இருபது. பிறகு மூடிகள். பிறகு மூக்குகள், சிறிய ஊமத்தம்பூக்களைப் போல. பிறகு கைப்பிடிகள், அவையும் சக்கரத்தில் வனைந்தவைதான், உள்ளே பொள்ளல். கடைசியாக வடிகட்டிக்கான சிறு கிண்ணங்கள், முட்டை ஓடு அளவு மெல்லியவை. ஒரு கெண்டிக்கு ஐந்து முறை வனைய வேண்டியிருக்கிறது. நான் அதுவரை சக்கரத்தில் ஒரே வீச்சில் ஒரு கெண்டி முளைத்துவரும் என்றே நினைத்திருந்தேன்.

அளவெடுக்க அவரிடம் இருந்த கருவி இரண்டு மூங்கில் குச்சிகளைச் சிலுவைபோலச் சேர்த்தது. பெயர் டொம்போ, தும்பி. பார்க்கவும் தும்பிதான். செங்குச்சி ஆழத்தைச் சொல்கிறது, குறுக்குச் சிறகு வாயின் அகலத்தை. கெண்டியின் வாயில் ஒரு முறை இறங்கிப் பறந்துபோகிறது, மூடியின் மேல் ஒரு முறை. அவ்வளவுதான் அவருடைய அளவுகோல்.

வனைந்தவை ஒரே நாளில் ஒட்டப்படுவதில்லை. முந்தைய நாள் வனைந்து, ஈரம் பாதி வற்றி, நகம் பட்டால் தடம் விழும் ஆனால் பிடித்தால் நசுங்காது என்ற பதத்தில் இருந்தவற்றை மதியம் எடுத்தார். சக்கரத்தில் கவிழ்த்து வளைந்த கத்தியால் அடியைச் சீவினார். மண் சுருள் சுருளாக, பென்சில் சீவியதுபோல் விழுந்தது. வடிகட்டிக்கான கிண்ணத்தில் ஊசியைவிடச் சற்றுத் தடித்த குழல் ஒன்றால் துளையிட்டார். நான் எண்ணத் தொடங்கி எண்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். இந்தத் துளைகள் பெரிதானால் இலை வழியும், சிறிதானால் அடைத்துக்கொள்ளும். அதிலும் நீண்ட நேரம் ஆவியில் வேகவைக்கும் ஃபுகாமுஷி வகைத் தேயிலை தூள்தூளாக உடைந்திருக்கும். அதற்குப் பயந்துதான் மலிவான கெண்டிகளில் எஃகு வலையைச் செருகிவிடுகிறார்கள். "வலை போட்டால் வேலை மிச்சம், சுவையும் மிச்சம், கெண்டிக்குள்ளேயே" என்றார் பெரியவர். அன்று அவர் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

மூக்கை ஒட்டும் இடத்தில்தான் மூச்சு நின்றது. மண் கூழைத் தடவி, மூக்கின் அடியை உடலின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, ஒரே அழுத்தில் வைக்கிறார். அதற்குப் பிறகு தொட்டுத் திருத்துவதே இல்லை. நுனியை வெட்டும்போது மட்டும் சற்றுக் கோணலாக வெட்டினார். கை தவறிவிட்டது என்று நினைத்தேன். தோழி கேட்டாள். சக்கரத்தில் வனைந்த மண் தான் சுற்றிய சுற்றை மறப்பதில்லையாம். சூளைக்குள் போனதும் மூக்கு மெல்ல முறுகும். வெட்டும்போதே அந்த முறுக்கலுக்கு எதிராகச் சாய்த்து வெட்டிவிட வேண்டும். நெருப்பு அதை நேராக்கிக்கொள்ளும்.

அப்போதுதான் இடக்கைக் கெண்டியைப் பற்றிக் கேட்கத் துணிந்தேன். பெரியவர் என் கைகளைப் பார்த்தார். குறிப்பேட்டை எந்தக் கையில் பிடித்திருக்கிறேன் என்று பார்த்திருக்க வேண்டும்.

"கைப்பிடியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள்" என்றார். "பிடி இடம் மாறும். மூடியில் காற்றுத் துளை எந்தப் பக்கம் என்பது மாறாது, அது மூக்கோடு போகும். மூக்கு முறுகும் திசையும் மாறாது, ஏனென்றால் என் சக்கரம் உங்களுக்காகத் திசை மாறிச் சுற்றப்போவதில்லை. பாதி மாறும், பாதி மாறாது. அதனால்தான் பல பேர் செய்வதில்லை."

ஆண்டுக்குச் சில செய்வாராம். இரண்டு இப்போது சூளையில் இருக்கின்றனவாம், நாளை வரச் சொன்னார்.

திரும்பும் வழியில் தோழி, "அக்கா, நான் இங்கே எட்டு வருடமாக இருக்கிறேன். என் வீட்டில் கியூசு கிடையாது" என்றாள். எனக்கு வாங்கிக் கொடுத்தவள்!

நான்காம் நாள்

காலையில் ஊரின் மண்பாண்ட அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் போனது. மூன்றாம் யமடா ஜோசான் செய்த கெண்டிகளைப் பார்க்கத்தான் போனோம். டோகோனாமே கியூசுவுக்காக 1998இல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற தகுதி பெற்றவர், 2005இல் காலமானார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கெண்டியைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. கெண்டியைத் தூக்கிப் பார்க்காமல் அதைப் பற்றி என்ன சொல்வது? வடிவத்தில் எங்கும் கண் இடறவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மதியம் பட்டறை. சூளை ஆறியிருந்தது. மின்சூளைதான், 1,100 டிகிரிக்கு மேல் சுட்டவை. பூச்சு கிடையாது, மண்ணே இறுகி நீரைத் தாங்கிக்கொள்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தன. நேற்று பலகையில் பார்த்தவற்றின் தங்கைகள் போல இருந்தன. காற்றோட்டமாகச் சுட்டால் சிவப்பு. சிவந்ததை உமியோடு ஒரு பெட்டியில் அடைத்து மறுபடி சுட்டால் இரும்பு கறுத்துவிடுகிறது.

ஒரு தட்டில் வெளிர்நிறக் கெண்டிகள், உடம்பெங்கும் பழுப்புக் கோடுகள், யாரோ தூரிகையால் இழுத்ததுபோல. அது கடற்பாசிக் கோலம். விரிகுடாவில் ஒதுங்கும் நீர்ப்புல்லைக் கெண்டிமேல் சுற்றிச் சுடுகிறார்கள். புல் எரிந்துபோகும், அதிலிருந்த உப்பு மண்ணில் உருகித் தடமாகத் தங்கிவிடும். மொகாகே என்பது அந்த முறையின் பெயர். கோடு எங்கே விழும் என்பதில் குயவருக்குப் பாதி அதிகாரம்தான். எனக்கு உடனே ஒன்றை வாங்கிவிடத் தோன்றியது, எல்லாமே வலக்கை.

பிறகு மூடிகள். ஒவ்வொரு மூடியும் அதனதன் கெண்டியின் மேல் உட்கார்ந்தபடியே சுடப்படுகிறது. கெண்டி சற்றுக் கோணினால் மூடியும் சேர்ந்து கோண வேண்டும் என்பதற்காக. வெளியே எடுத்ததும் விளிம்பில் நுண்மணலும் நீரும் விட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கிறார்கள். பெரியவரின் மருமகள் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் கரகரவென்ற சத்தம். அது மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் ஈரக் கண்ணாடியில் விரல் வழுக்கும் சத்தமாகிறது. அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திவிடுகிறார். சோதனை எளிது: நீர் நிரப்பிச் சாய்த்து, மூடியின் துளையை விரலால் அடைத்தால் ஒழுக்கு நிற்க வேண்டும். நின்றது.

அவர் தேய்த்து முடித்த நான்கு மூடிகளை விளையாட்டாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட அடுத்ததன் மேல் சரியாக உட்காரவில்லை, ஆடின. எந்தக் குழாயும் எந்தக் குழாயோடும் பொருந்த வேண்டும் என்று பாடுபட்ட ஹோஜுவின் ஊரில்தான் இது. எந்த மூடி எதனுடையது என்று நான் குழப்பிவிட்டதை மருமகள் இரண்டு நிமிடத்தில் சரிசெய்தார், ஒரு வார்த்தையும் சொல்லாமல். தோழி மட்டும், "அக்கா, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்" என்றாள்.

இடக்கைக் கெண்டிகள் இரண்டில் ஒன்றின் உடலில் மெல்லிய விரிசல். பெரியவர் அதை என்னிடம் காட்டக்கூட இல்லை, ஓரமாக வைத்துவிட்டார். மற்றதை எடுத்து, மூடியைக் கழற்றி, கைப்பிடியின் முனை மேசையில் படும்படி செங்குத்தாக நிறுத்தினார். அது நின்றது, ஒற்றைக் காலில், ஆடாமல். எடை சரியாகப் பகிர்ந்திருந்தால்தான் நிற்கும். பிறகு நீர் நிரப்பி மூடியைப் போட்டு நீட்டினார். கையில் எடுத்தபோது கட்டைவிரல் தானாக மூடியின் மேல் போனது. மணிக்கட்டை உள்பக்கம் திருப்பினேன். உள்ளே இருந்த தண்ணீர் நான் நினைத்த இடத்தில் விழுந்து, நான் நினைத்தபோது நின்றது. மூக்கின் அடியில் ஒரு சொட்டுகூட வழியவில்லை.

விலை 15,000 யென். பேரம் பேசவில்லை. பேசியிருந்தாலும் தோழி மொழிபெயர்த்திருக்கமாட்டாள்.

ஐந்தாம் நாள்

விரிகுடாவின் எதிர்க்கரையில் யொக்காய்ச்சி. அங்கேயும் கியூசு உண்டு, பங்கோ என்று பெயர், நிறம் கருஞ்சிவப்பு. நகோயா போய் வேறு ரயில் மாறிப் போனோம். அரை நாள்தான் இருந்தது, அதற்குள் பார்த்ததில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1832இல் இந்தத் தொழிலுக்கு மறு உயிர் கொடுத்த மோரி யூசெத்சு, மண்ணை உள்ளே இருந்து தாங்கும் மர அச்சு ஒன்றைப் பயன்படுத்தினார். பல துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய அச்சு. காகித விளக்குக் கூடு செய்பவர்களின் அச்சிலிருந்து எடுத்த யோசனை. அதன்மேல் மண் தகட்டை அப்பி வடிவம் வந்ததும், துண்டுகளை ஒவ்வொன்றாகக் கெண்டியின் வாய் வழியாகவே உருவிவிடலாம். டோகோனாமேக்காரர்கள் சக்கரத்தை விடவில்லை, இவர்கள் சக்கரமே இல்லாமல் சாதித்திருக்கிறார்கள். ஊர்களுக்கு இடையே இருப்பது ஒரு துண்டுக் கடல்.

மாலை தோழியின் வீடு. வழியில் 100 கிராம் சென்சா என்னும் பச்சைத் தேயிலையும், அவளுக்கென்று ஒரு சிறிய வலக்கைக் கியூசுவும் வாங்கினோம். கொதித்த நீரைக் கிண்ணங்களில் ஊற்றி ஆறவிட்டு, 70 டிகிரி அளவுக்கு இறங்கியதும் கெண்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஊற்றும்போது ஒரே கிண்ணத்தை நிரப்பக்கூடாது. மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக, எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அடர்த்தி வரும்படி. கடைசிச் சொட்டு வரை வடிக்க வேண்டும். சுவையெல்லாம் அதில்தான் என்கிறார்கள். அது தங்கினால் அடுத்த தடவை கசக்கும்.

ஊற்றினேன். முதல் தேநீர் இளம்பச்சை, கடற்பாசியின் வாடையும் ஏதோ வேகவைத்த கீரையின் இனிப்பும். மேசை காய்ந்தே இருந்தது. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். 'எந்தக் கையால் ஊற்றினாய்' என்று பதில் வந்தது.

"கொடுங்கள் அக்கா, இரண்டாவது தடவை நான் ஊற்றுகிறேன்" என்று தோழி என் கெண்டியை வலது கையால் எடுத்தாள். மணிக்கட்டை வெளிப்பக்கம் முறுக்கினாள். முழங்கை மேலே போனது. தேநீர் கிண்ணத்தின் விளிம்பில் பட்டு, மேசையில் ஓடி, அவளுடைய புத்தம்புதிய வலக்கைக் கியூசுவின் அடியில் போய்த் தேங்கியது.

நான் துணி எடுக்க எழுந்தேன்.